திரைக்குப் பின்னால் நின்றபடி ஒரு விண்ணப்பம்

நியூயார்க்கில் ஒரு நாடக ரெசிடென்சிக்கு, அதாவது புதிய படைப்பை உருவாக்கிப் பார்க்கக் கலைஞருக்கு இடமும் உதவியும் தரும் திட்டத்துக்கு, இரண்டு முறை விண்ணப்பித்தேன். முதல் முறை கிடைக்கவில்லை, மறுவருடம் கிடைத்தது. வெள்ளையரல்லாத கலைஞர்களின் சோதனை முயற்சிகளுக்கென்றே நடக்கும் திட்டம் அது. இதுபோன்ற இடங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக, நான் கற்றதைச் சொல்கிறேன்.

ரெசிடென்சி என்றதும் தங்க அறை கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். எனக்குக் கிடைத்தது ஒத்திகைக் கூடம், சிறு உதவித்தொகை, விளக்குக்கும் ஒலிக்கும் ஒரு ஆள், கடைசியில் செய்தவரைக்கும் பார்வையாளர் முன்னால் நிகழ்த்திக் காட்டும் ஒரு ஷோயிங். மணிக்கணக்குப் பார்த்து வாடகை கொடுத்து ஒத்திகை செய்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். கதவைப் பூட்டிக்கொண்டு தப்புத்தப்பாய்ச் செய்து பார்க்க ஓர் இடம்!

விண்ணப்பப் படிவத்தைத் திறக்கும் முன், திட்டம் நடக்கும் வட்டாரத்தின் நாடக வரலாற்றைப் படியுங்கள். நியூயார்க்கின் ஈஸ்ட் வில்லேஜ் பகுதியில் லா மாமா அரங்கத்தை 1961இல் தொடங்கியவர் எலன் ஸ்டூவர்ட் என்ற கறுப்பினப் பெண். ஃபேஷன் டிசைனராக இருந்தவர். புதிதாக எழுதுகிறவர்களுக்கு மேடை கொடுப்பதையே வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டார். அங்கிருந்து நடக்கும் தூரத்தில், முதல் அவென்யூவில், பி.எஸ். 122 என்ற பழைய அரசுப் பள்ளிக் கட்டடம் இருக்கிறது. 1980 முதல் அது நிகழ்த்துகலைக்கான இடம். 1970இல் உருவான மாபு மைன்ஸ் நாடகக் குழுவும் அந்தக் கட்டடத்தில்தான் இயங்குகிறது. வெள்ளையரல்லாத கலைஞர்களுக்காக ஸ்வீட்/ஸ்பேஸ் என்றொரு திட்டத்தை அந்தக் குழு நடத்தியிருக்கிறது. முடிந்த நாடகத்தை வாங்கி மேடையேற்றுவது இந்த வட்டாரத்தின் வழக்கமல்ல, முடியாததற்கு இடம் கொடுப்பதுதான் வழக்கம். இது எனக்கு முதல் வருடமே புரிந்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

முதல் விண்ணப்பத்தில் என்ன எழுதினேன்? தெருக்கூத்து எவ்வளவு தொன்மையானது, விடிய விடிய எப்படி நடக்கும், அதை அமெரிக்கர்களுக்கு நான் எப்படி அறிமுகப்படுத்துவேன் என்று மூன்று பக்கம். செய்யாறு பக்கத்துக் கூத்துக்காரர்களிடம் சில மாதம் கற்றவன் என்ற பெருமை வேறு. எழுதியது எல்லாம் உண்மைதான். ஆனால் அதில் கேள்வியே இல்லை. அந்தக் கூடத்துக்குள் போய் நான் எதைக் கண்டுபிடிக்கப் போகிறேன் என்று ஒரு வரிகூட இல்லை. நம் பண்பாட்டை விளக்கிவிட்டால் போதும், நம் நிறத்துக்காகவே எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்துவிட்டேன். அந்தப் பக்கம் உட்கார்ந்து படிக்கிறவர்களும் அநேகமாகக் கலைஞர்கள்தான். அவர்களுக்கும் பாட்டியும் ஊரும் திருவிழாவும் உண்டு.

மறுவருடம் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டேன். கூத்தில் பாத்திரம் நேராக வந்து நிற்காது. இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். அதன் பின்னால் நின்று ராஜா திரை விருத்தம் பாடுவார். நமக்கு மேலே கிரீடமும் கீழே சலங்கைக் காலும் தெரியும், முகம் தெரியாது. பிறகுதான் திரை விலகும். அது விலகவே இல்லையென்றால்? நாற்பது நிமிடமும் ஒருவர் திரைக்குப் பின்னாலேயே இருந்தால், பார்ப்பவர்கள் அவரை யாரென்று நினைத்துக்கொள்வார்கள்? இதைத்தான் கேட்டேன். ஒன்றரைப் பக்கம். கூத்தைப் பற்றிய விளக்கம் நான்கே வரி.

வீடியோ மாதிரிக்கும் இதே கதைதான். முதல் வருடம் இசை சேர்த்து வெட்டி ஒட்டிய இரண்டு நிமிட டிரெய்லர் அனுப்பினேன். அடுத்த வருடம் அனுப்பியது, கேமராவை ஸ்டாண்டில் வைத்து வெட்டாமல் எடுத்த ஐந்து நிமிடம். மூச்சிரைப்பு கேட்கும், கால் தடுமாறுவது தெரியும். உங்கள் உடம்பு என்ன செய்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டுங்கள். எந்த நிமிடத்திலிருந்து பார்க்க வேண்டும் என்றும் குறிப்பிடுங்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக: உதவித்தொகையைக் கொடுக்கும்போது அதிலிருந்து வரியைக் கழிக்கவில்லை, பிறகு நானேதான் கட்டினேன். மாணவர் விசாவில் இருப்பவர்கள் தொகையை வாங்கச் சம்மதிக்கும் முன் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கட்டாயம் கேளுங்கள். உங்களோடு திரை பிடிக்க வருகிறவர்களுக்கும் பட்ஜெட்டில் கூலி போடுங்கள். நட்புக்காக வரச் சொல்வது சரியல்ல.

ஷோயிங்கை நினைத்துத்தான் அதிகம் பயந்தேன். அங்கே நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990இல் உருவாக்கிய, படைப்பைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் முறையைப் பின்பற்றினார்கள். முதலில் பார்த்தவர்கள் தங்களைத் தொட்டது எது என்று மட்டும் சொல்ல வேண்டும். அடுத்து கலைஞர் கேள்வி கேட்பார். மூன்றாவதாகப் பார்த்தவர்கள் கேட்பார்கள், ஆனால் கேள்விக்குள் தங்கள் கருத்தை ஒளித்து வைக்கக் கூடாது. கருத்து கடைசியில்தான், அதுவும் கலைஞர் அனுமதித்தால். போகும் முன் உங்கள் இரண்டு கேள்விகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "பிடித்திருந்ததா?" என்பது அதில் வேண்டாம்.

மூன்றாவது சுற்றில் ஒரு வயதான அம்மா கேட்டார்: "திரையைப் பிடித்திருக்கும் இருவரும் எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்?" என்னிடம் பதில் இல்லை. அத்தனை வாரமும் அவர்களை நான் பார்க்கவே இல்லை. மறுநாள் ஒத்திகையை அவர்களிடமிருந்து தொடங்கினேன்.