கீழ்ப் பட்டை

பிப்ரவரி 3
ஆட்டோஃபேஜியை, அதாவது செல் தன்னையே தின்பதைக் காட்டும் எல்சி3 புரதம், ஜெல் படத்தில் மறுபடியும் தெளிவாக வந்திருக்கிறது. நான் ஒரு மரபணுவை நீக்கிய நாக்அவுட் செல்களில் அதன் கீழ்ப் பட்டை தடித்துக் கிடக்கிறது. சாதாரணச் செல்களில் வெறும் கீற்று. ஒப்பீட்டுக்கான ஆக்டின் புரதம் எல்லாத் தடங்களிலும் 42 கிலோடால்டனில் ஒரே சீராக நிற்கிறது. ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் பிழைத்தது.

பிப்ரவரி 4
நெறியாளர் படத்தை நெடுநேரம் பார்த்தார். "கூடுகிறதா, தேங்குகிறதா?" என்று கேட்டுவிட்டுக் கூட்டத்துக்குப் போய்விட்டார்.

பிப்ரவரி 5
நியாயமான கேள்வி, அதனால்தான் எரிச்சல். கொழுப்பு ஒட்டிய எல்சி3 எடையில் கூடியது. ஆனாலும் ஜெல்லில் விரைந்து ஓடிக் கீழே போய் நிற்கும். பார்ப்பவரை ஏமாற்றவே பிறந்த புரதம். அந்தக் கீழ்ப் பட்டை தடித்தால், செல் தன்னையே தின்னும் வேகம் கூடியிருக்கலாம். அல்லது விழுங்கியது செல்லின் செரிமானப் பையான லைசோசோமில் செரிக்காமல் அடைத்துக்கொண்டிருக்கலாம். நேர்மாறான இரண்டு கதைகளுக்கும் ஒரே பட்டைதான் சாட்சி. ஆட்டோஃபேஜி ஆய்வாளர் ஓசுமியின் 1992ஆம் ஆண்டுக் கட்டுரையில் செரிமான நொதி குறைபட்ட ஈஸ்ட்டைப் பட்டினி போட்டார்கள். உள்ளே தேங்கியதால்தான் ஆட்டோஃபேஜிக் குமிழிகள் கண்ணில் பட்டன. அவருக்கு வாய்த்த தேக்கம் எனக்கு வில்லங்கம்.

பாஃபிலோமைசின் போட்டு லைசோசோமை முடக்க வேண்டும். அதன் பிறகும் நாக்அவுட்டில் பட்டை மேலும் தடித்தால் செரிமான ஓட்டம் இருக்கிறது. அசையாமல் நின்றால் அடைப்பு ஏற்கெனவே இருந்திருக்கிறது. மருந்து கையிருப்பில் இல்லை. ஆர்டர் போட்டாயிற்று.

பிப்ரவரி 6
வரவில்லை.

பிப்ரவரி 9
வரவில்லை. நாக்அவுட் ஃபிளாஸ்க் மந்தமாக வளர்கிறது. செல்கள் வளரும் திரவமான ஊடகம் தெளிவாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 11
பக்கத்து ஆய்வகத்தில் மைக்கோபிளாஸ்மாவாம், செல் வளர்ப்பில் ஒளிந்து பரவும் நுண்ணிய பாக்டீரியா. இன்குபேட்டர் இரண்டு ஆய்வகங்களுக்கும் பொது.

பிப்ரவரி 12
தூக்கம் வரவில்லை. அதற்குச் செல்சுவரே கிடையாது. சுவரைத் தாக்கும் பென்சிலின் அதை என்ன செய்யும்? 0.2 மைக்ரான் வடிகட்டியிலும் நழுவிவிடும். மற்ற பாக்டீரியாக்களைப் போல ஊடகத்தைக் கலக்கிக் காட்டிக்கொடுக்கவும் செய்யாது.

இதெல்லாம் பாடநூல் சங்கதி. என்னை எழுப்பி உட்காரவைத்தது அர்ஜினின் என்ற அமினோ அமிலம். மைக்கோபிளாஸ்மாவில் பல இனங்கள் ஊடகத்திலுள்ள அர்ஜினினைத் தின்று தீர்ப்பவை. அர்ஜினின் குறைந்தால், செல்லில் சத்து இருப்பை உணரும் எம்டார் என்ற புரதம் அடங்கும். எம்டார் அடங்கினால் ஆட்டோஃபேஜி கிளம்பும். கிளம்பினால் கீழ்ப் பட்டை தடிக்கும். நான் நீக்கிய மரபணுவுக்கு இதில் வேலையே இல்லாமல் போகலாம். ஒரு ஃபிளாஸ்க்கில் கிருமி, மற்றதில் இல்லை என்றால் என் படம் அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும்.

பிப்ரவரி 13
டி.என்.ஏ.வை ஒளிரவைக்கும் ஹோக்ஸ்ட் சாயம் போட்டுப் பார்த்தேன். செல்கரு நீலமாக ஒளிர வேண்டும், அதற்கு வெளியே இருட்டாக இருக்க வேண்டும். பெரும்பாலான செல்கள் அப்படியே. ஓரத்தில் ஒரு கூட்டத்தில் மட்டும், கருவைச் சுற்றிப் பொடிப்பொடியாகப் புள்ளிகள். ஃபோகஸைத் திருகினால் சில மறைகின்றன, சில நிற்கின்றன. "அது செத்த செல்லின் துகள், அக்கா" என்றாள் இளைய மாணவி. அவள் குரலில் இருந்த உறுதியை வாங்கி வைத்துக்கொள்ள முடிந்தால் நன்றாயிருக்கும். இரண்டு ஃபிளாஸ்க்கின் ஊடகத்தையும், கிருமியின் டி.என்.ஏ.வைத் தேடும் பி.சி.ஆர். சோதனைக்குக் கொடுத்திருக்கிறேன்.

பிப்ரவரி 14
பாஃபிலோமைசின் வந்துவிட்டது! செல்கள்தான் தனிமைச் சிறையில்.

பிப்ரவரி 16
"தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பி" என்கிறார்கள், ஆளாளுக்கு. ஒரே ஒரு செல்லிலிருந்து வளர்த்தெடுத்த குளோன் அது. கிணற்றுத்தட்டின் ஒரு குழியில் ஒற்றைப் புள்ளியாக இருந்ததைப் பார்த்தவள் நான். சொல்கிறவர்களுக்கு என்ன.

உறைந்த குப்பிகள் இருக்கின்றன. ஆனால் திரவ நைட்ரஜனின் மைனஸ் 196 டிகிரியில் செல் பிழைப்பது போலவே மைக்கோபிளாஸ்மாவும் பிழைக்கும். குப்பியை உறைய வைத்தது எப்போது, கிருமி நுழைந்தது எப்போது? நுழைந்திருந்தால்.

பிப்ரவரி 18
முடிவு வந்தது. சாதாரணச் செல்: இல்லை. நாக்அவுட்: சோதனை வேலை செய்ததைக் காட்டும் உள்கட்டுப்பாட்டுப் பட்டையே எழவில்லை, எனவே 'இல்லை' என்றும் எழுத முடியாதாம். திரும்ப ஓட்டுகிறார்கள். சிரிப்புதான் வந்தது.

பிப்ரவரி 19
இருப்பதிலேயே பழைய குப்பியை உருக்கி, வேறொரு இன்குபேட்டரில் வைத்தேன். மாலைக்குள் பாதி ஒட்டிக்கொண்டன. இரண்டு முறை பிரித்து வளர்த்த பிறகு, கிருமிச் சோதனையும் முடிந்தால்தான் மருந்து. அதற்குள் 15 சதவீத ஜெல்லுக்கு அக்ரிலமைடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.