ஒன்பதா, பன்னிரண்டா, இருபதா

ஜனவரி 4, 2026, ஞாயிறு, மாட்டுங்கா

வியட்நாம் என்று முடிவாகி மூன்று வாரம் ஆகிறது. எத்தனை நாள் என்பதில்தான் இழுபறி. அந்த ஊர்க்காரர்கள் ஈ-விசா 90 நாள் வரைக்கும் தருகிறார்கள். என் ஆபீஸில் ஐந்து நாள் லீவு கேட்டாலே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். இரண்டு பக்கமும் சனி, ஞாயிறை ஒட்டினால் ஒன்பது நாள். அத்திம்பேர் அனுப்பிய பேக்கேஜில் ஏழே நாளில் ஹனோய், ஹாலோங் விரிகுடா, ஹோய் ஆன், சைகோன் அத்தனையும். படிக்கும்போதே கால் வலித்தது.

ஜனவரி 7, புதன்

அப்பாவிடம் மேப்பைக் காட்டியது என் தப்பு. ஹனோய்–சைகோன் ரயில் 1,726 கிலோமீட்டர், முப்பது மணி நேரத்துக்கு மேல். அதோடு நிறுத்தியிருக்கலாம். மீட்டர் கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம் என்று வாய்விட்டுவிட்டேன். ரயில்வேயில் முப்பத்தாறு வருஷம் இருந்தவர், சின்ன வயசில் எழும்பூரிலிருந்து திருநெல்வேலிக்கு மீட்டர் கேஜில் கரி அப்பிக்கொண்டு போனவர், விடுவாரா?

"முழுசாப் போகணும்டி. இருபது நாள் ஆனா ஆகட்டும். எனக்கென்ன ஆபீஸா?"

எனக்கு இருக்கிறதே அப்பா.

ஜனவரி 10, சனி

கிங்ஸ் சர்க்கிளில் காபி ஆறும்வரை கணக்கு. ஊர் மாறும்போதெல்லாம் அரை நாள் காலி: மூட்டை கட்டி, ரூமை விட்டு, அடுத்த ஊரில் சாவிக்காகத் தேவுடு காத்து. ஒன்பது நாளில் போக, வர இரண்டு போச்சு. நான்கு ஊர் என்றால் மூன்று மாற்றம். மிச்சம் ஐந்தரை நாள். இதற்கா பாஸ்போர்ட் எடுத்தோம்?

ஹனோயையும் ஹாலோங்கையும் பட்டியலிலிருந்து அடித்தேன். மனசு கேட்கவில்லைதான். ஹோய் ஆன் பக்கத்து மீ சன் மட்டும் இருந்தே ஆகணும். சம்பா ராஜாக்கள் செங்கல்லில் கட்டிய சிவன் கோயில்கள், 1969 குண்டுவீச்சில் பாதிக்கு மேல் போனதுபோக மிச்சம். அதை அரை மணியில் பார்த்துவிட்டு பஸ் ஏற என்னால் ஆகாது.

ஜனவரி 13, செவ்வாய்

எட்டு நாள் லீவு கிடைத்தது! நல்ல மூடில் பிடித்தேன். ஆகப் பன்னிரண்டு. பிப்ரவரி 17 அவர்களுக்கு வருஷப் பிறப்பு, ஊரே ரயிலில் இருக்கும். அதனால் மார்ச் 28. நடுவில் பௌர்ணமி வருகிறது. அன்றைக்கு அங்கே நிறைய பேர் சைவம்தான் சாப்பிடுவார்களாம். சைவத்துக்கு அவர்கள் சொல்வது 'சாய்'. பம்பாய்க்காரர் போய் சாய் கேட்டால் டீ வராது, டோஃபு வரும்.

ஜனவரி 15, வியாழன், பொங்கல்

அப்பா காலண்டர் பின்பக்கத்தில் டைம்டேபிள் போட்டிருக்கிறார். சைகோனில் இறங்கி, விமானத்தில் நடு வியட்நாமில் இருக்கும் ஹுவே. அங்கிருந்து ரயிலிலேயே தெற்கே: ஹாய் வான் கணவாய் வழியாக டா நாங், பிறகு ராத்திரி வண்டியில் சைகோன். மொத்தம் 1,038 கிலோமீட்டர். ரூம் வாடகை ஒரு ராத்திரி மிச்சம் என்று அடிக்கோடு வேறு.

"மீதி 688 கிலோமீட்டர்?" என்றேன்.

"அதை அப்பறம் பாத்துக்கலாம். கணவாயில கடல் இடது பக்கம் வரும். அந்த ஜன்னல் எனக்கு, இப்பவே சொல்லிட்டேன்."