தொட்டிக்கு அந்தப் பக்கம் காலண்டர்

கடல்மீன் வளர்க்க மூன்றடி மரைன் தொட்டி ஒன்றைத் தொடங்கி இன்றோடு 24 நாள். இன்னும் ஒரு மீன்கூட விடவில்லை. மணலோடும் கலங்கலோடும் மல்லுக்கட்டியதிலேயே நாள் ஓடிவிட்டது.

முதலில் மணல். "பெசன்ட் நகர்ல இருந்துக்கிட்டு மணலுக்குக் காசு கொடுக்கிறியா?" என்று அண்ணன் சிரித்தார். கடற்கரை மணலில் சிலிக்காதான் அதிகம். நடுவே கருப்பாக ஓடும் கோடுகள் இல்மனைட் போன்ற கனமான தாதுக்கள். கரை ஒதுங்கும் எண்ணெய், சாக்கடை எல்லாம் தனிக்கதை. அதனால் வண்ணமீன் கடைகள் இருக்கும் கொளத்தூர் போய் 20 கிலோ அரகோனைட் மணல் வாங்கி வந்தேன். சிப்பியில் இருக்கும் அதே கால்சியம் கார்பனேட். கடைக்காரர் "ரெண்டு அலசு போதும்" என்றார். நானும் சரியாக ரெண்டே அலசு அலசினேன்.

கேன் தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் வீதம் மரைன் தொட்டிக்கான உப்பு கலந்து, டிரம்மில் ஒரு ராத்திரி சுழலவிட்டு, அடர்த்தி 1.025 வந்ததும் வாளியால் நேரே மணல் மேலேயே ஊற்றினேன். அரை மணி நேரத்தில் 150 லிட்டரும் அரிசி களைந்த தண்ணீர் ஆகிவிட்டது! தொட்டியின் இடது கண்ணாடி வழியாகப் பார்த்தால் வலது பக்கச் சுவரில் தினசரி காலண்டர் தெரிய வேண்டும். தேதி என்ன, காலண்டரே தெரியவில்லை. அன்றிலிருந்து அதுதான் என் அளவுகோல்.

"தேத்தாங்கொட்டை உரசிப் போடேன்டா" என்றார் அம்மா. தொட்டியில் போடத் துணிவில்லை. இரண்டு கண்ணாடி டம்ளரில் கலங்கல் தண்ணீர் எடுத்து, ஒன்றில் மட்டும் உரசிக் கலந்தேன். அது சீக்கிரம் தெளிந்தது. ஆனால் சும்மா வைத்ததும் விடிவதற்குள் தெளிந்து, அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது. அப்படியானால் இது வெறும் தூசி. தொட்டியில் மட்டும் ஏன் படியவில்லை? குனிந்து பார்த்தால், தண்ணீரைச் சுழலவிடும் வேவ் மேக்கர் மணலைப் பார்த்து ஊதிக்கொண்டிருக்கிறது. அடிக்கண்ணாடி தெரியும் அளவுக்குக் குழி. அதை மேலே ஏற்றி, பில்டரில் பஞ்சைத் திணித்து, காலையும் மாலையும் பஞ்சை அலசினேன். ஐந்தாம் நாள் தேதி தெரிந்தது.

மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து வாளித் தண்ணீர் தெளியும்வரை அலசி, மேலே ஒரு தட்டை வைத்து அதன்மேல் தண்ணீரை ஊற்றியிருந்தால் இந்த ஐந்து நாளும் மிச்சம்.

எட்டாம் நாள் மறுபடி பால் வெள்ளை. பழைய வைத்தியத்தையே செய்தேன்: பஞ்சு அலசல், 30 லிட்டர் தண்ணீர் மாற்றம். போதாக்குறைக்கு மணலையும் கிளறிவிட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. பிறகுதான் டம்ளர் ஞாபகம் வந்தது. ராத்திரி முழுக்க வைத்தும் அடியில் ஒரு துளி படிவு இல்லை, வெண்மையும் குறையவில்லை. இது தூசி இல்லை, பாக்டீரியா.

விதைத்தது நான்தான். அம்மோனியா வந்தால்தானே சைக்கிள் (அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா தொட்டியில் வளர்வது) தொடங்கும் என்று, ஆறாம் நாள் குழம்புக்கு வாங்கிய இறாலில் மூன்றை உள்ளே போட்டிருந்தேன். ஒன்றே அதிகம். அழுகும் இறாலைத் தின்று பெருகிய கூட்டம் அது. பஞ்சில் சிக்காத அளவுக்குப் பொடி. தண்ணீரிலுள்ள ஆக்சிஜனையும் இழுத்துவிடும். மீன் இல்லாததால் பிழைத்தேன். இறாலை எடுத்துவிட்டு ("குழம்புல போட்டிருக்கலாம்" – அம்மா), தண்ணீரின் மேற்பரப்பு நன்றாக அலையும்படி வேவ் மேக்கரைத் திருப்பிவைத்து, கையைக் கட்டிக்கொண்டேன். பதினைந்தாம் நாள் தானாகவே தெளிந்தது.

இன்று தேதி மட்டுமில்லை, ராகுகாலம் போட்ட பொடி எழுத்தும் தெரிகிறது. அம்மோனியா இறங்கிவிட்டது, நைட்ரைட் இன்னும் மேலேதான். மணல் மேல் பழுப்பாக டயாட்டம் என்ற நுண்பாசி படர ஆரம்பித்திருக்கிறது. கிளறிவிடக் கை துறுதுறுக்கிறது. கரண்டியை அம்மா எடுத்து ஒளித்துவைத்துவிட்டார்.