36-ஆம் பல்லின் கணக்கு

அந்த மதிப்பீட்டுத் தாளின் முதல் வரியில் "36 – வேர் சிகிச்சை" என்று எழுதியிருந்தது. மனிதனுக்கு மொத்தமே 32 பல். இதில் 36 எங்கிருந்து வந்தது என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தனியார் கிளினிக்கின் வரவேற்பறையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாய் திறந்து கேட்கும் நிலையில் நான் இல்லை. கூட வந்திருந்த அக்காதான் விசாரித்து வந்து சொன்னாள். வாயை நான்காகப் பிரித்து, வலது மேல் 1, இடது மேல் 2, இடது கீழ் 3, வலது கீழ் 4 என்று எண் கொடுக்கிறார்கள். இரண்டாவது இலக்கம், நடுக்கோட்டிலிருந்து எண்ணினால் எத்தனையாவது பல் என்பது. ஆக 36 என்றால் இடது கீழ்த்தாடையின் ஆறாவது பல், முதல் கடைவாய்ப்பல். ஆறு வயதுவாக்கில் முளைப்பது. எந்தப் பாற்பல்லும் விழாமல் பின்னால் தனியாக முளைப்பதால் இதையும் பாற்பல் என்றே நினைத்துப் பெற்றோர் பலர் விட்டுவிடுவார்களாம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் விட்டிருக்க வேண்டும்.

பல் எண்ணைவிடப் பெரிய அதிர்ச்சி தாளின் கடைசி வரியில் இருந்தது. தொகையைச் சொன்னால் ஊருக்கு ஊர், ஆண்டுக்கு ஆண்டு மாறும். அதனால் பங்காகவே சொல்கிறேன். தனியார் சொன்ன மொத்தத் தொகையைப் பத்துப் பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதனைக்கும் எக்ஸ்ரேக்கும் அரைப் பங்கு. வேர் சிகிச்சைக்கு நாலரை. உள்ளே கட்டி எழுப்பும் அடைப்புக்கு ஒன்று. மேலே போடும் உறைக்கு, கேப் என்கிறோமே அதற்கு, நான்கு.

மறுநாள் காலை அரசுப் பல் மருத்துவமனைக்குப் போனேன். பல் மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த இடம். சாளரத்தில் இருந்தவர், "வேர் சிகிச்சைக்கு, எக்ஸ்ரே எல்லாம் சேர்த்து இவ்வளவு ஆகும்" என்று ஒரு தொகை சொன்னார். மனதுக்குள் வகுத்துப் பார்த்தேன்: அரைப் பங்கு. பத்து எங்கே, அரை எங்கே! இருபது மடங்கு வித்தியாசம். தனியார் என்றாலே கொள்ளை என்று வாயில் வந்தது. வீங்கிய வாயோடு திட்டுவதும் சிரமம் என்பதால் விட்டுவிட்டேன். அப்போது திட்டாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று.

முதல் நாள் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு மூதாட்டி இருந்தார். "தம்பி, பேசாமல் பிடுங்கிப் போடச் சொல்லு. இன்றைக்கே முடிந்துவிடும், காசும் கிடையாது" என்றார். அது உண்மைதான். பிடுங்குவது அன்றே, ஏறக்குறைய இலவசமாக நடக்கும். வலியில் துடிப்பவனுக்கு அதைவிட இனிப்பான பேச்சு கிடையாது. நான் ஏறத்தாழ ஒத்துக்கொண்டுவிட்டேன். அறைக்குள் இருந்த பேராசிரியர் அம்மையார்தான் தடுத்தார். கீழே ஒரு கடைவாய்ப்பல் போய்விட்டால் பக்கத்துப் பல் அந்தப் பள்ளத்தை நோக்கிச் சாயும், மேலே இருக்கும் பல் எதிரே தடை இல்லாமல் மெல்ல மெல்லக் கீழிறங்கும் என்று விரலால் காட்டினார். பிறகு அந்த இடத்தை நிரப்ப வேண்டுமென்றால் இருபுறப் பற்களையும் சீவிப் பாலம் கட்ட வேண்டும், அல்லது தாடை எலும்பில் டைட்டானியம் திருகு பதித்துச் செயற்கைப்பல் வைக்க வேண்டும். "அந்த இரண்டும் இங்கே இந்தக் கட்டணத்தில் கிடையாது" என்றார். பிடுங்குவதன் விலை பிடுங்கும் நாளில் தெரிவதில்லை என்பது அங்கேதான் எனக்கு உறைத்தது.

அன்று பல்லைத் திறந்து, அழற்சியில் இருந்த கூழை, அதாவது பல்லுக்குள் இருக்கும் நரம்புத் திசுவை, எடுத்து, மருந்து வைத்துத் தற்காலிகமாக மூடி அனுப்பினார்கள். வலி அன்றிரவே முக்கால்வாசி போய்விட்டது. அவசரத்துக்கு அரசு இடத்தில் காக்கவைக்கவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். காத்திருப்பு அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. முழு வேர் சிகிச்சைக்கு ஆறு வாரம் தள்ளி நாள் கொடுத்தார்கள்.

சிகிச்சை செய்தவர் பட்டமேற்படிப்பு மாணவர். கண்ணாடிக்குமேல் இன்னொரு உருப்பெருக்கிக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, கீழ்த்தாடை நரம்பில் ஊசி போட்டார். பாதி உதடும் பாதி நாக்கும் என்னுடையதல்ல என்று ஆகிவிட்டது. பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் விரிப்பை இழுத்து மாட்டினார். சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் கழுவுகிறார்களே, அது தொண்டைக்குள் போய்விடாமல் இருக்கத்தான் அது. துணி வெளுக்கும் மருந்தின் வாசனை மூக்கில் ஏறியது. பிறகு ஊசிபோல மெல்லிய அரம் ஒன்றை எடுத்தார். அதன் தண்டில் மோதிரம்போல ஒரு சின்ன ரப்பர் வளையம். அந்த வளையத்தை அளவுகோலில் வைத்து நகர்த்தி, "20 மில்லிமீட்டர்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே இறக்கினார். வேர் நுனியைத் தாண்டினாலும் தப்பு, முன்னால் நின்றாலும் தப்பு. எக்ஸ்ரே எடுத்து, வளையத்தை அரை மில்லிமீட்டர் நகர்த்தி, மறுபடி இறக்கினார். இப்படியே இரண்டு மணி நேரம்.

கீழ்க் கடைவாய்ப்பல்லில் பெரும்பாலும் மூன்று கால்வாய்கள், அதாவது வேருக்குள் கூழ் ஓடும் குழாய்கள், இருக்கும். முன்பல்லுக்குப் பெரும்பாலும் ஒன்றுதான். தனியார் கிளினிக்கில் முன்பல்லுக்கு ஒரு விலையும் கடைவாய்ப்பல்லுக்கு அதைவிட அதிக விலையும் ஏன் என்பது நாற்காலியில் மல்லாந்து கிடந்தபோதுதான் புரிந்தது. என்னுடையதில் மூன்றும் முடிந்தபிறகு பேராசிரியர் வந்து எட்டிப் பார்த்தார். "இங்கே இன்னொன்று இருக்கிறது, பாருங்கள்" என்று ஓர் ஓரத்தைக் காட்டினார். நாலாவது! மாணவரின் முகம் வாடியது. அதைவிட என் முகம். அதற்காக இன்னொரு தடவை வரவேண்டியதாயிற்று. ஆனால் விட்டுப்போயிருந்தால் அந்த நாலாவது கால்வாய் சில ஆண்டுகளில் சீழ் வைத்து என்னைத் தேடி வந்திருக்கும். மாணவர் கைவைக்கிறாரே என்று பயப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அங்கே ஒரு பல்லை நான்கு கண்கள் பார்க்கின்றன. வேகம் மட்டும் எதிர்பார்க்கக் கூடாது.

நிரப்பும் நாளில் இளஞ்சிவப்பு நிறத்தில் தீக்குச்சியைவிட மெலிந்த கூம்புகளை உள்ளே செருகி, நுனியைச் சூடான கருவியால் வெட்டினார்கள். குட்டாபெர்ச்சா என்ற மரப்பாலில் செய்தது. 19-ஆம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு மேலுறையாகப் போட்டார்களே, அதே பொருள். கடலுக்கடியில் தாக்குப்பிடித்தது என் வாயில் தாக்குப்பிடிக்காதா என்று ஒரு தைரியம் வந்தது.

இனித்தான் கணக்கு உதைத்தது. எல்லாம் முடிந்து, "உறை எப்போது போடுவீர்கள்?" என்று கேட்டேன். மாணவர் தயங்கினார். "அது வேறு பிரிவு, சார். ஆய்வகத்தில் செய்துவர வேண்டும். அங்கே தனி வரிசை இருக்கிறது. எட்டு மாதம் ஆகலாம்." சாளரத்தில் சொன்ன அரைப் பங்கில் உறை இல்லவே இல்லை! நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. தனியார் தாளில் நான்கு வரி இருந்ததை நான் இங்கே ஒற்றை வரியோடு வைத்து ஒப்பிட்டிருக்கிறேன். ஒருபுறம் வீடு, மறுபுறம் கூரை இல்லாத சுவர்.

கூரை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் சீக்கிரமே தெரிந்தது. உள்ளே குடைந்தெடுத்த கடைவாய்ப்பல்லில் சுவர்கள்தான் மிஞ்சியிருக்கும். மெல்லும் விசையெல்லாம் அவற்றின் மேல்தான். அடைத்து ஏழாவது வாரம், எதையோ கடித்தபோது 'டக்' என்று ஒரு சத்தம். நாக்குப் பக்கச் சுவரில் ஒரு மூலை பெயர்ந்து கையில் வந்துவிட்டது. பிளவு ஈறுக்கு மேலேயே நின்றதால் பல் பிழைத்தது. கீழே வேருக்குள் ஓடியிருந்தால் அத்தனை மணி நேர உழைப்பும் வீணாகிப் பல்லைப் பிடுங்குவதில் போய் முடிந்திருக்கும்.

எட்டு மாதம் காத்திருக்க முடியாது என்று முடிவெடுத்து, உறைக்கு மட்டும் பழைய தனியார் கிளினிக்குக்கே போனேன். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. அந்த மருத்துவர் முகம் சுளிக்கவில்லை. "எக்ஸ்ரே எங்கே?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் இல்லை. பிரதி வாங்க மறுபடி அரசு மருத்துவமனைக்கு ஓர் அரை நாள். எழுதிக் கொடுத்து, கையெழுத்து வாங்கி, கடைசியில் கிடைத்தது. முதல் நாளே கேட்டு வாங்கியிருக்கலாம். அது நம் உரிமைதான், கேட்கத்தான் தோன்றவில்லை. அப்படியும் சுவர் உடைந்திருந்ததால் அவர் புதிதாக ஒரு படம் எடுத்தார். உள்ளே பார்த்துவிட்டு, "நாலாவதையும் பிடித்திருக்கிறார்களே!" என்றார். நான் செய்ததுபோல எனக்குப் பெருமையாக இருந்தது.

உறையைப் பற்றி இந்தமுறை நிதானமாகக் கேட்டேன். முதல் தாளில் நான்கு பங்கு என்று போட்டிருந்தது ஜிர்கோனியா என்ற வெண்ணிறப் பீங்கான் உறைக்கு. வேறு வகை உண்டா என்று நான் கேட்காததால் அதையே எழுதியிருக்கிறார்கள். உலோகத்தின்மேல் பீங்கான் பூசியது ஒன்று உண்டு. முழு உலோக உறை ஒன்று உண்டு. பார்க்க அழகில்லை, ஆனால் பல்லைக் குறைவாகச் சீவினால் போதும், உறுதியும் அதிகம். கடைவாய் மூலையில் யார் எட்டிப் பார்க்கப்போகிறார்கள்? உலோகமே போதும் என்றேன். இரண்டு பங்கு. மூன்று வகைக்கும் அவர் பல் சீவுவதும் அளவெடுப்பதும் ஏறக்குறைய ஒரே வேலை. பொருளும் ஆய்வகத்தின் பில்லும்தான் பெரும்பாலும் விலையை ஏற்றியிறக்குகின்றன. உறை கழன்றால் மறுபடி ஒட்டக் கட்டணம் உண்டா என்று கேட்டதற்கு, ஓராண்டுக்குள் என்றால் இல்லை என்றார். அதைத் தாளிலேயே எழுதித் தரச் சொன்னேன். எழுதித் தந்தார்.

வீட்டுக்கு வந்து பழைய மதிப்பீட்டுத் தாளின் பின்புறத்திலேயே கணக்குப் போட்டேன். அரசு மருத்துவமனையில் அரை. எக்ஸ்ரேயும் உடைந்த சுவரைக் கட்டியதும் ஒன்று. உலோக உறை இரண்டு. அரசு மருத்துவமனைக்கு ஆறு தடவை போனேன். ஆறு அரை நாள், சம்பளப் பிடித்தம் மூன்று நாள், அது ஒன்றேகால் பங்கு. மொத்தம் நாலேமுக்கால். அதே உலோக உறையோடு முழுவதையும் தனியாரில் செய்திருந்தால் பத்து அல்ல, எட்டு. மூன்று மாலை நேரங்களில் முடித்துவிடுவார்களாம், விடுப்பே தேவையில்லை. இருபது மடங்கு என்று நான் கொதித்த வித்தியாசம் கடைசியில் இரண்டு மடங்குகூட இல்லை.

அந்தக் கணக்கைப் பார்த்த அக்கா, "மாதச் சம்பளம் வாங்குகிறவன் நீ, அதனால் மூன்று நாளோடு போயிற்று. அந்த வரிசையில் நின்ற அம்மாவுக்கு?" என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை. நாட்கூலிக்காரர் ஒருவருக்கு ஆறு தடவை என்பதே கட்டுப்படியாகாது; அவர் பிடுங்கிக்கொண்டு போவதில் என்ன தப்பு? உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஏறத்தாழ 350 கோடிப் பேர் வாய்நோய்களால் பாதிக்கப்பட்டிருப்பதாகச் சொல்கிறது. அத்தனை பேரின் வாயும் உடம்பில்தான் இருக்கிறது. ஆனால் காப்பீடும் அரசுத் திட்டங்களும் பல இடங்களில் பல்லை உடம்பில் சேர்க்காத உறுப்பாகவே நடத்துகின்றன.

உறை ஒட்டிய அன்று, கடித்துப் பார்க்க நீலத்தாள் வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்த மருத்துவர் சட்டென்று நிறுத்தினார். "26-இல் சின்னதாக ஒரு சொத்தை ஆரம்பித்திருக்கிறது. இப்போதே அடைத்தால் போதும்" என்றார். 26 எது என்று இப்போது யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை. நாக்கு தானாகவே இடது மேல்பக்கம் போய்த் தடவியது. வெறும் அடைப்பு, ஆய்வகமும் இல்லை, உறையும் இல்லை, ஒரே தடவையில் முடிகிற வேலை. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, புதன்கிழமை காலைக்கு அரை நாள் விடுப்பு கேட்டு மேலாளருக்குச் செய்தி அனுப்பினேன். சாளரம் எட்டு மணிக்குத் திறப்பார்கள். ஏழேகாலுக்குப் போனால் முதல் பத்துப் பேருக்குள் நிற்கலாம்.