கீறிய படங்களும் போன ஊர்களும்

எங்கள் காலத்தில் கணிதப் பிரிவில் படித்தவன் என்றால் பொறியியலுக்குத்தான் போகவேண்டும், வேறு பேச்சே கிடையாது. ஆர்க்கிடெக்சர் என்றொரு படிப்பு இருப்பது எனக்குத் தெரியவந்தது எங்களுக்குத் தூய கணிதம் படிப்பித்த மாஸ்டரால்தான். கொப்பியின் பின்பக்கங்களில் நான் வீடு வீடாகக் கீறி வைத்திருந்ததைக் கண்டுவிட்டார். ஏசவில்லை. "உங்கட அப்பப்பான்ர வீட்டை அளந்து கீறிக்கொண்டு வா தம்பி" என்றார்.

அது பழைய நாற்சார் வீடு. தெருவோரம் சங்கடப் படலை, கூரை போட்டு இரண்டு பக்கமும் இருக்கை கட்டியது, வெயிலில் வருகிறவர்கள் தண்ணீர் குடித்து ஆறிப்போக. அதைத் தாண்டினால் வருகிறவர்களை வரவேற்கும் தலைவாசல், விறாந்தை, நடுவில் முற்றம், பின்னால் குசினி. யார் எதுவரை வரலாம் என்பது கட்டிய விதத்திலேயே இருந்தது (அதில் சாதியும் இருந்தது, அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை). படத்தைப் பார்த்த மாஸ்டர் அளவுகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "வீட்டுக்கு வாற ஆள் எங்க இருப்பார்?" என்று மட்டும் கேட்டார். பிறகு எந்த நாட்டில் எந்த வேலை செய்தபோதும் நான் முதலில் கேட்டது இந்தக் கேள்வியைத்தான்.

அப்புறம் ஆர்க்கிடெக்சர் படிக்கக் கட்டுபெத்தை, இப்போதைய மொறட்டுவைப் பல்கலைக்கழகம். நாங்கள் படித்து முடித்து வேலை பழகிய நேரம் கொழும்பையடுத்த கோட்டேயில் புதிய நாடாளுமன்றம் எழும்பிக்கொண்டிருந்தது, 1982இல் திறந்தார்கள். சதுப்பு நிலத்தைத் தோண்டி ஏரியாக்கி, நடுவில் செப்புக் கூரைகள். அதை வடிவமைத்த ஜெஃப்ரி பாவா முதலில் வழக்கறிஞர், கட்டிடக்கலைஞராகத் தகுதி பெற்றபோது அவருக்கு 38 வயது. அவருடைய நிறுவனத்தில் பங்காளியாக இருந்த பொறியியலாளர் பூலோகசுந்தரம் எங்களவர் என்பது எங்களுக்குப் பெரிய பெருமை. பாதி வாழ்க்கையில் தொழிலை மாற்றலாம் என்ற துணிச்சல் எனக்கு வந்தது பாவாவைப் பார்த்துத்தான்.

83 கலவரத்துக்குப் பிறகு கொழும்பில் இருக்க முடியவில்லை. துபாய் போனேன். அங்கே வீட்டுப் படம் கீறுவது என்றால் மஜ்லிஸிலிருந்து, அதாவது விருந்தாளிகளை இருத்தும் அறையிலிருந்து, தொடங்கவேண்டும்: விருந்தாளிக்குத் தனி வாசல், அவர் இருக்கும் இடத்திலிருந்து வீட்டுப் பெண்களின் பக்கம் கண்ணில் படவே கூடாது. மற்றவர்களுக்குப் புதுமையாக இருந்திருக்கும், எனக்குத் தலைவாசலை அளந்த பழக்கம் இருந்தது. ஓய்வு நாட்களில் துபாயின் பழைய பகுதியான பஸ்தகியா ஒழுங்கைகளில் நடப்பேன். ஈரானின் பஸ்தக் ஊரிலிருந்து வந்த வணிகர்கள் கட்டிய வீடுகள், நாலு திசைக் காற்றையும் பிடித்துக் கீழே இறக்கும் கோபுரங்களோடு. அந்த எண்பதுகளில்தான் அந்தப் பகுதியில் ஏறக்குறைய பாதியை இடித்தார்கள், எனக்கு அது இன்றும் மனவருத்தம்.

லண்டனில் ஆர்க்கிடெக்ட் என்று பெயர் போடவே சட்டப்படி பதிவு வேண்டும். அந்தப் பரீட்சைகள் முடியும்வரை கடைகளுக்கு உள்அமைப்புக் கீறினேன், அலுமாரி எந்த உயரம், ஆள் எந்தப் பக்கம் திரும்புவார் என்று. சரி, அதைப் பற்றி எழுத அதிகமில்லை. ஆனால் மனிதர் நடக்கும் விதத்தைக் கவனிக்கப் பழகியது அங்கேதான், அது ஆஸ்பத்திரி வேலைக்கு வந்தபோது உதவியது. ஒரு கட்டில் வைக்கும் இடத்துக்கு 3.6 மீட்டர் அகலம், 3.7 மீட்டர் ஆழம் என்று இங்கே வழிகாட்டி சொல்கிறது. தாதியர் இரண்டு பக்கமும் நின்று வேலை செய்ய, கருவிகளை உருட்டிவர அது வேண்டும். நான் கூட்டங்களில் விடாமல் கேட்டது, பார்க்க வந்த மனைவி எங்கே இருப்பார், கெட்ட செய்தியை டொக்டர் எங்கே வைத்துச் சொல்வார் என்பதுதான். ஒரு மூத்த தாதி எனக்காகப் பேசியபிறகு, வார்டுக்குப் பக்கத்தில் கதவு மூடக்கூடிய ஒரு சின்ன அறை கிடைத்தது. நான் செய்த வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த அறை.

சுனாமிக்கு அடுத்த வருடம் விடுப்பெடுத்துக்கொண்டு யாழ்ப்பாணக் குடாநாட்டின் கரையோரமான வடமராட்சி கிழக்குக்குப் போனேன். அரசாங்கம் வடக்கு கிழக்கில் கடற்கரையிலிருந்து 200 மீட்டருக்குள் கட்டக்கூடாது என்றது, வீடு 500 சதுர அடி. வரைபடங்களில் குசினி உள்ளே இருந்தது. விறகு எரிக்கிற வீட்டுக்கு அது சரிவராது என்று பெண்கள் சொன்னார்கள், வெளியே தள்ளிக் கேட்டார்கள். ஆண்கள் வலை வைக்கவும், வந்தவர்கள் இருக்கவும் முன்னால் ஒரு திண்ணை கேட்டார்கள். எல்லாம் இழந்து கூடாரத்தில் இருந்தவர்கள், வருகிறவருக்கு இருக்க இடம் கேட்டார்கள்! இரண்டையும் படத்தில் சேர்த்துக் கொடுத்தேன்.

இப்போது வேலையிலிருந்து ஓய்வு. எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளைக் கணினியில் கீறி வருகிறேன், அநேகமானவை இப்போது இல்லை. உங்கள் வீட்டுக் கல்யாணப் படங்களில் பின்னால் படலையோ, விறாந்தைத் தூணோ தெரிந்தால் ஒரு பிரதி எடுத்து இந்த மலரை வெளியிடும் குழுவிடம் கொடுங்கள். பக்கத்தில் ஆள் ஒருவர் நிற்கும் படமாக இருந்தால் இன்னும் நல்லது, உயரத்தைக் கணக்குப் பார்த்துவிடுவேன்.