செவ்வாய், வெள்ளி

மே 6, 2022, வெள்ளி
மனைவிக்குச் செவ்வாய், வெள்ளி டயாலிசிஸ். யூனிட் வாசலில் உட்கார்ந்திருந்தபோது போனில் செய்தி வந்தது. மென்பொருள் கம்பெனிகளான மைண்ட்ட்ரீயும் எல் அண்ட் டி இன்ஃபோடெக்கும் ஒன்றாகப் போகின்றன. 100 மைண்ட்ட்ரீ பங்குக்கு இன்ஃபோடெக் பங்கு 73. அவள் பெயரில் இருப்பது 60. கணக்குப் போட்டால் 43.8. அந்தப் புள்ளி எட்டை எப்படித் தருவார்கள்?

உடம்பில் நீர் சேர்ந்து எடை 2.6 கிலோ ஏறியிருந்தது. சிஸ்டர் அவளை விட்டுவிட்டு என்னை முறைத்தார்.

மே 11
அவள் குடித்த தண்ணீர் 900 மில்லி. மோரையும் சேர்த்துத்தான்.

ஜூன் 3
மகன் போனில், "வித்துடுங்கப்பா, எதுக்கு வச்சிக்கிட்டு?" அவனுக்கு அது மூவாயிரத்துச் சொச்சம் விலையுள்ள ஒரு பங்கு, அவ்வளவுதான். 2007 பிப்ரவரியில் 425 ரூபாய்க்கு வெளியிட்டபோது எங்கள் கிளையில் எல்லோரும் மனுப் போட்டோம். நூறு மடங்குக்கு மேல் விண்ணப்பம் குவிந்த வெளியீடு. எனக்கு விழவில்லை, அவளுக்கு விழுந்தது. 2014ல் ஒன்றுக்கு ஒன்று போனஸ், 2016ல் மறுபடியும்.

1999ல் பத்துப் பேர் சேர்ந்து பெங்களூரில் ஆரம்பித்த கம்பெனி. அதன் முதல் சின்னத்தை வரைந்தது மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பையன் என்று எப்போதோ படித்துச் சொன்னேன். அன்றிலிருந்து அவளுக்கு அது 'நம்ம மரம்'. டிவிடெண்ட் வந்தால் "காய்ச்சிருக்குங்க" என்பாள். ஆதாருக்கு மென்பொருள் எழுதியதில் அவர்களும் உண்டு என்றால் மட்டும் கோபம் வரும். கைரேகை விழாமல் அலைந்தவள்.

ஜூன் 4
தூக்கம் இல்லை. 2019தான் ஓடுகிறது மனதில். கடன் நெருக்க, காபி டே சித்தார்த்தா தன்னிடமிருந்த இருபது சதவீத மைண்ட்ட்ரீ பங்கைத் தலா 980 ரூபாய்க்கு எல் அண்ட் டியிடம் கொடுத்தார். தொடங்கியவர்கள் வேண்டாம், வேண்டாம் என்று கத்தினார்கள். யார் கேட்டது? எல் அண்ட் டிக்காரர்கள் சந்தையிலும் வாங்கினார்கள், எங்களைப் போன்றவர்களிடமும் அதே 980க்குக் கேட்டார்கள். இவள் தர மாட்டேன் என்றுவிட்டாள். ஜூலைக்குள் அவர்கள் கையில் அறுபது சதவீதம். மைண்ட்ட்ரீ தலைமையில் இருந்த கிருஷ்ணகுமார் நடராஜன், பார்த்தசாரதி, ரவணன் எல்லோரும் வெளியேறினார்கள். அதே மாதக் கடைசியில் சித்தார்த்தாவை நேத்ராவதி ஆற்றிலிருந்து எடுத்தார்கள்.

அன்றைக்கே முடிந்த கல்யாணம். இப்போதுதான் பதிவு செய்கிறார்கள்.

ஆகஸ்ட் 16, செவ்வாய்
புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த நாள், ஊருக்கு விடுமுறை. யூனிட்டுக்கு ஏது.

அக்டோபர் 24
தீபாவளி. அவளுக்குப் பாதி அதிரசம். வெல்லத்தில் பொட்டாசியமாம், அவளுக்கு ஆகாதாம். மீதிப் பாதியை அவள் எதிரில் நான் தின்ன முடியுமா?

நவம்பர் 1, செவ்வாய்
புதுச்சேரி விடுதலை நாள். கடற்கரைச் சாலையில் அணிவகுப்பு, ஆட்டோ சுற்றிக்கொண்டு போனது. 1954ல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்து, 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள். எட்டுப் பேர் மாட்டோம் என்றார்கள். அந்த எட்டுக்கும் ஒரு மரியாதை இருந்தது. பாதிக்கு மேல் ஒரே கையில் இருக்கும் இடத்தில் எங்கள் அறுபது பங்கு என்ன சொல்லிவிடும்?

நவம்பர் 14
இன்றிலிருந்து பெயர் எல்டிஐமைண்ட்ட்ரீ. வாயில் நுழையவில்லை.

இரவு அவள் இடது கையில் விரல் வைத்துப் பார்த்தேன். டயாலிசிஸ் ஊசி போடும் இடத்தில் ரத்தம் எப்போதும் குறுகுறுவென்று ஓடும். இன்று குறைந்தது போல இருந்தது. விரலை மாற்றி வைத்தேன், காதை வைத்தேன். "தூங்க விடுங்க" என்றாள். அது அடைத்துப் போனால் கழுத்தில் குழாய் போடுவார்கள். விடியும் வரை அரைமணிக்கு ஒருதரம் தொட்டுப் பார்த்தேன்.

நவம்பர் 15
நன்றாகத்தான் ஓடுகிறதாம். டாக்டர் சிரித்தார்.

நவம்பர் 24
பங்கு யார் கணக்கில் எத்தனை என்று குறிக்கும் தேதி இன்று. புரோக்கர் ஆபீஸ் பையன் புள்ளி எட்டுக்கு விளக்கம் சொன்னான்: எல்லோருடைய துண்டையும் சேர்த்து ஒரு டிரஸ்டி விற்பார், பணம் வங்கிக்கு வரும்.

"அப்ப நம்ம முக்காச் சொச்சம் யாரு வீட்டுக்குப் போவும்?" என்கிறாள். இதற்கு என்ன பதில்?

நவம்பர் 30
லட்சுமி போய்விட்டாள். மணக்குள விநாயகர் யானை, நடக்கப் போன இடத்தில் தெருவிலேயே சரிந்துவிட்டதாம். மறைத்துப் பார்த்தேன், பக்கத்து வீட்டு அக்கா சொல்லிவிட்டார். கூட்டிப் போகச் சொல்லி ஒரே அழுகை. அந்தக் கூட்டத்தில் யாராவது அவள் கையில் இடித்துவிட்டால்? போகவில்லை. என்னோடு பேச்சில்லை.

டிசம்பர் 8
மாண்டஸ் புயல். நாளை இரவு மாமல்லபுரம் பக்கம் கரையைக் கடக்கும் என்கிறார்கள். நாளைக்கா வெள்ளி வர வேண்டும்! மதிய ஷிஃப்டுக்குக் காத்திருக்க வேண்டாம், காலை ஐந்தரைக்கே வந்துவிடுங்கள் என்று யூனிட்டிலிருந்து போன். ஆட்டோக்காரர் வருகிறேன் என்றிருக்கிறார். மகன் பெங்களூரிலிருந்து கிளம்பட்டுமா என்கிறான். வேண்டாம், பஸ் ஓடுமோ ஓடாதோ.

"டீமேட் கணக்கப் பாத்தீங்களா, புதுப் பங்கு ஏறிடுச்சா?" கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஃபைல், போர்வை, டார்ச் எடுத்து வைத்தாயிற்று. ஆட்டோக்காரருக்கு இன்னொரு தரம் போன் போட வேண்டும்.