இருபது தோட்டா கூடச் சுடாத துப்பாக்கி

போன மாதம் மதுரை தெற்காவணி மூல வீதி நகைக்கடை முதலாளி ஒருவர் எங்கள் கடைக்கு வந்தார். தாத்தா காலத்து ஜெர்மன் .32 (தோட்டாவின் அளவு) கைத்துப்பாக்கி, உள்ளங்கையில் அடங்கிவிடும். அதன் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகத்துக்குப் பெயர்தான் ஸ்லைடு.

"ஸ்லைடை இழுத்துவிட்டா முழுசா மூட மாட்டேங்குதுண்ணே. நானும் அப்பாவும் சேர்ந்து இருபது தோட்டா கூடச் சுட்டதில்லை. எப்படித் தேயும்?"

ராணுவத்தில் 20 வருடம் ஆயுதம் பழுது பார்க்கும் ஆர்மரராக இருந்துவிட்டு, இப்போது உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடை ஒன்றில் பழுது பார்க்கிறேன். இந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் குறைவு.

தோட்டா அடுக்கும் மேகசீனை உருவி, குழலில் தோட்டா உட்காரும் சேம்பர் காலிதானா என்று இரண்டு முறை பார்த்துவிட்டுப் பிரித்தேன். முதலில் வந்தது சந்தனம். ஆயுத பூஜைக்கு ஆயுதத்துக்குப் பொட்டு வைக்காமல் விடுவார்களா? ஸ்லைடின் பின்பக்கக் கோடுகளில் காய்ந்து, அதற்கடியில் துரு. உள்ளே தேன் நிறத்தில் ஒரு பிசின். விரலில் ஒட்டியதை முகர்ந்ததும் தெரிந்துவிட்டது, தேங்காய் எண்ணெய். அதில் வேட்டி நூல் பிசிறு ஒட்டித் திரியாகக் கிடந்தது. தலைக்கு நல்ல எண்ணெய்தான், துப்பாக்கிக்கு ஆகாது.

பிசினை எடுத்த பிறகும் ஸ்லைடு சோம்பலாகத்தான் போய் மூடியது. ஸ்லைடை முன்னே தள்ளி மூடும் ஸ்பிரிங்கைக் கழற்றினேன். நல்ல வேளை, பழைய உதிரி டப்பாவில் அதே மாதிரிக்கு உபயோகிக்காத ஸ்பிரிங் ஒன்று இருந்தது. தினத்தாளை விரித்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பழையது ஒரு விரற்கடை குட்டை. முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

சரி, சுடாமலே எப்படிக் குட்டையானது? தினமும் ராத்திரி கடை சாத்தும்போது இழுத்துத் தோட்டா ஏற்றுவார். காலையில் இழுத்து இறக்குவார். விடுமுறை போக வருடத்துக்கு 600 இழுப்பு. அவர் கைக்கு வந்து 15 வருடம் என்றால் 9,000. அதற்கு முன் அப்பா கணக்கு வேறு. ஸ்பிரிங் சும்மா அழுந்திக் கிடப்பதால் அவ்வளவாகக் களைக்காது, அழுந்தி விரிந்துதான் களைக்கும். சின்னத் துப்பாக்கியில் இருக்கிற கொஞ்ச இடத்துக்குள் அதைத் திணித்திருப்பார்கள், ஒவ்வொரு இழுப்புக்கும் கடைசிவரை நசுங்கும்.

ராணுவத்தில் நான் பார்த்த, இஷாப்பூர் ஆலையில் செய்த 9 எம்எம் பிஸ்டல் வேறு சாதி. அதில் குழலும் ஸ்லைடும் பூட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் சேர்ந்து பின்னால் போய், அப்புறம்தான் பிரியும். .32-இல் அந்தப் பூட்டே கிடையாது. அமெரிக்கத் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரவுனிங் பெல்ஜியத்துக் கம்பெனிக்காக 1899-இல் அந்தத் தோட்டாவைக் கொண்டுவந்ததிலிருந்து இந்த ரகத் துப்பாக்கிகள் பெரும்பாலும் இப்படித்தான். வெடிக்கும்போது ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கும்தான் தடுப்பு. ஸ்பிரிங் தளர்ந்தால் ஸ்லைடு பின்னால் போய், துப்பாக்கியின் அடி உடம்பான சட்டத்தில் (ஃபிரேம்) மோதும். அடிக்கடி சுடுகிற ஒருவரின் .32-இல் அந்த மோதும் இடம் உளி போட்ட மாதிரி நசுங்கி விளிம்பு மடிந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். சுட்டதும் வெளியே தெறிக்கும் காலிக் கேஸ் (தோட்டாவின் பித்தளைக் கூடு) முன்பை விட ரொம்பத் தள்ளிப் போய் விழுகிறது என்று அவர் பெருமையாகச் சொன்னார். அதுதான் அறிகுறியே! இரும்புச் சட்டம் நசுங்கிய பிறகு சரிசெய்வது பெரிய வேலை. ஸ்பிரிங் மாற்றுவது பத்து நிமிடம்.

முதலாளியின் மேகசீனிலிருந்த தோட்டாக்களையும் மேசையில் நிற்க வைத்தேன். மேலே இருந்த ஒன்று மட்டும் மற்றவற்றை விடக் குள்ளம். அதைத்தான் தினமும் ஏற்றி இறக்கியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் குண்டின் மூக்கு சேம்பர் வாய்ச் சரிவில் இடித்து இடித்து, குண்டு கேஸுக்குள் இறங்கிவிட்டது. உள்ளே இடம் குறைந்தால் வெடிக்கும்போது அழுத்தம் எகிறும். கேஸின் விளிம்பையும், அதை வெளியே இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் கடித்துக் கடித்துப் பிசிறாக்கியிருந்தது. இன்னொரு தோட்டாவில் பச்சைக் களிம்பு. தோல் உறையிலேயே வைத்தால் பதனிட்ட சரக்கு பித்தளையைத் தின்னும், அதோடு சித்திரை வெயிலில் இடுப்பு வேர்வையும் சேர்ந்தால் கேட்க வேண்டாம்.

இரண்டையும் ஒதுக்கி வைத்தேன். "இது விலை தெரியுமாண்ணே?" என்றார். பவுன் விலை சொல்கிறவர் வாயில் அந்தக் கேள்வி வந்ததில் எனக்குச் சிரிப்பு.

2024 தேர்தலுக்குத் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, ஜூனில் திரும்ப வாங்கியதை அப்படியே கல்லாவில் வைத்துவிட்டாராம். ஒரு துணி போட்டுத் துடைத்திருந்தால்கூடப் பாதித் துரு வந்திருக்காது.

புது ஸ்பிரிங் போட்டு, துப்பாக்கி எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு இழுத்துக் காட்டினேன். டக்கென்று மூடியது. அவர் முகத்தில் சந்தோஷம்தான், ஆனால் கிளம்பும்போது வாசலில் தயங்கி நின்றார்.

"ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்காம இருந்தா வீட்டுல திட்டுவாங்களேண்ணே."

"பொட்டை உறையில வைங்க. தோல் உறை எப்படியும் மாத்தணும்."